எந்தக் குழியை எடுக்கலாம்?

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாகிவிட்டது. இனி ஒன்றரை மாதத்துக்கு வீட்டுக் கூடம் நம்முடையதில்லை. காலையில் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்தால், மத்தியானம் "சாப்பிட வாங்கடா" என்று நாம் கத்துகிற வரைக்கும் ஆளுக்கொரு மூலையில் செல்போனும் கையுமாகக் கிடப்பார்கள். "கண்ணு கெட்டுப் போகும்டா" என்று சொல்லிச் சொல்லி நமக்குத் தொண்டை கட்டுகிறதே தவிர, பலன் ஒன்றுமில்லை. பிடுங்கி வைத்தால் அழுகை. கொடுத்தால் நமக்கு மனசு கேட்பதில்லை. என்ன, உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

இந்தத் தடவை சமையல் குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் வீட்டில் நாங்கள் ஆடுகிற ஆட்டங்களைப் பற்றி எழுதலாமென்று உட்கார்ந்தேன். விளையாட்டு விஷயம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். நான் ஒரு பெரிய பாடம் படித்ததே இதில்தான்.

எங்கள் மீமிசல் கடற்கரை ஊர். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜா புயல் எங்கள் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தென்னை மரமெல்லாம் சாய்ந்து, கரண்டு கம்பமெல்லாம் முறிந்து, பல நாள் வெளிச்சமே இல்லை. செல்போனுக்குச் சார்ஜ் கிடையாது. டி.வி. கிடையாது. பள்ளிக்கூடமும் இல்லை. அப்போது என் மூத்தவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேரும் ஓட்டை விழுந்த ஓட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் மாமியார்தான் பரண் மேல் கிடந்த பல்லாங்குழிப் பலகையை இறக்கச் சொன்னார். ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. "வாங்கத்தா, ஒரு கை ஆடுவோம்" என்று பேத்தியைக் கூப்பிட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மூத்தவள் ஒரு குழியில் கை வைத்தாள். "அதை எடுக்காதேடி, இதை எடு" என்றேன். எடுத்தாள். நல்ல லாபம். அடுத்த கைக்கும் நானே சொன்னேன். அதற்கடுத்த கைக்கு அவள் பலகையைப் பார்க்கவேயில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அத்தை காயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏத்தா, நீ ஆடுறியா, புள்ள ஆடுதா?"

எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கேள்வி மட்டும் இன்றைக்கு வரைக்கும் என்னை விடவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆட்டங்களுக்கு வருவோம்.

விதி ஆடுவது, நாம் ஆடுவது

வீட்டுக்குள் ஆடுகிற ஆட்டத்தை எல்லாம் ஒன்றாக நினைக்கக் கூடாது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஆடுவோமே பரமபதம், அதில் நாம் செய்வது என்ன? கட்டையை உருட்டுகிறோம், விழுந்ததை எண்ணி வைக்கிறோம். ஏணி வந்தால் ஏறுகிறோம், பாம்பு கடித்தால் இறங்குகிறோம். "இதைச் செய்வதா, அதைச் செய்வதா" என்று யோசிக்க அதில் ஓர் இடமும் இல்லை. மூன்று வயசுக் குழந்தையும் எண்பது வயசுப் பாட்டியும் அதில் ஒன்றுதான். நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்க அருமையான ஆட்டம். ஆனால் ஆடுவது விதி, நாம் இல்லை.

தாயம் பாதிக்குப் பாதி. விழுவது நம் கையில் இல்லை, விழுந்ததை எந்தக் காய்க்கு வைப்பது என்பது நம் கையில்.

பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் முழுக்க முழுக்க நம் கையில். உருட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் நாம் எடுத்த முடிவுதான். பிள்ளைகளுக்கு மூன்று வகையும் வேண்டும். ஆனால் யோசிக்கப் பழக்குவது பின்னால் சொன்ன மூன்றும்தான்.

இதெல்லாம் இன்று நேற்று வந்ததில்லை. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தோம். மண்ணைத் தோண்டி எடுத்த பகடைக்காயும் ஆட்டக்காயும் வட்டச் சில்லும் கண்ணாடிக்குள் இருந்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் யாரோ ஒரு தாயார், "சாப்பிட வராம இன்னும் என்ன ஆட்டம்?" என்று அதட்டியிருப்பாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பல்லாங்குழி

எங்கள் வீட்டு முறையைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆளுக்கு ஏழு குழி, ஆக 14 குழி. குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து காயை எல்லாம் அள்ளி, வலப்பக்கமாக அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றி வர வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுங்குழியாக இருந்தால், அதை வழித்துத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு உங்கள் கை முடிந்தது. இரண்டு குழி சேர்ந்தாற்போல் வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடையாது. நடுவில் எந்தக் குழியிலாவது சரியாக நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழி யார் பக்கமோ அவர் உடனே எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் கை ஆடுகிறவர் எந்தக் குழியை எடுத்தாலும் கடைசியில் கிடைப்பது ஏழு காய்தான்! எல்லாக் குழியிலும் ஐந்தே இருப்பதால் எங்கே தொடங்கினாலும் ஒரே சுற்றுத்தான் வரும். யோசனை தொடங்குவது இரண்டாவது கையில்தான்.

நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் ஆள் தன் இடது கோடிக் குழியில் தொடங்கி ஆடி முடிக்கட்டும். இப்போது எதிர்ப் பக்கத்தில், அவருடைய முதல் குழியில் ஏழு காய் இருக்கும். ஆறாவது குழியில் ஒரே ஒரு காய் கிடக்கும். குழந்தைகள் பாய்ந்து ஏழு உள்ள குழியைத்தான் எடுப்பார்கள். சுற்றோ சுற்றென்று சுற்றி, கடைசியில் வழிக்கக் கிடைப்பது மூன்றே காய். நடுவில் ஆளுக்கொரு பசு. அந்த ஒற்றைக் காயை எடுத்தால்? நாலே எட்டில் எட்டுக் காய் கைக்கு வரும், எதிராளிக்குப் பசுவும் கிடைக்காது.

என் மகள் இதைத் தானாகக் கண்டுபிடித்த அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்பாயி, நெறைய இருக்கிறத எடுக்கக் கூடாது, எங்க போயி முடியுதுன்னு பாத்து எடுக்கணும்" என்றாள். "அம்புட்டுத்தான்த்தா ஆட்டம்" என்றார் அத்தை.

தோற்றவருக்கும் இதில் ஒரு வழி உண்டு. அடுத்த ஆட்டத்துக்குத் தன்னிடம் மிஞ்சிய காயை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனையை நிரப்பிக்கொண்டு ஆடலாம். மிச்சக் குழிகள் மூடி. நான்கே குழியை வைத்து ஆடி, மூடின குழியை எல்லாம் திறந்தவர்கள் உண்டு. தோற்றால் கலகலவென்று காயைக் கலைத்துவிட்டு அழுகிற என் சின்னவனுக்கு இந்த ஒரு விதியைத்தான் அத்தை திரும்பத் திரும்பச் சொன்னார். "இருக்கிறத வச்சு ஆடுடா." ஒரு வாரத்தில் அழுகை நின்றது.

ஆடுபுலி ஆட்டம்

பழைய கோயில்களுக்குப் போனால் மண்டபத் தரையைக் கவனியுங்கள். முக்கோணமாகக் கோடு செதுக்கியிருப்பது பல இடத்தில் கண்ணில் படும். வீட்டில் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டால் போதும். கோடுகள் சந்திக்கிற இடம் 23. புலி மூன்று, ஆடு 15. புலிக்கு மூன்று கல், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை.

பக்கத்தில் இருக்கிற ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கம் காலியிடம் இருந்தால் புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது. புலி நகர முடியாதபடி சுற்றி அடைப்பதுதான் ஆட்டுக்கு வெற்றி. பதினைந்து ஆட்டையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கிற வரையில் ஓர் ஆடும் நகரக் கூடாது.

பிள்ளைகள் எல்லாரும் "நான்தான் புலி" என்பார்கள். நீங்கள் ஆட்டுப் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். பலமில்லாதவர் எப்படி ஜெயிப்பது என்று அங்கேதான் தெரியும். முதல் ஆடுகளை ஓரத்திலே வைக்க வேண்டும். பின்னால் புலி வந்து விழ இடமில்லாததால் ஓரத்து ஆடு தப்பும். தனி ஆடு செத்தது. அடுத்தடுத்து இரண்டு நின்றால் புலி தாண்ட முடியாது. சில நேரம் ஓர் ஆட்டைத் தெரிந்தே கொடுத்து, புலியை மூலைக்கு இழுத்து அடைக்க வேண்டியிருக்கும். எதைக் கொடுப்பது, எதைக் காப்பது என்பதை நமக்குப் பதிலாக யாரும் சொல்ல முடியாது.

நேபாளத்தில் இதே போல நான்கு புலி, இருபது ஆடு வைத்து ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை, சமம்தான் என்று கண்டிருக்கிறார்கள். புலி பெரிசு, ஆடு சிறிசு என்பதெல்லாம் நம் கண்ணுக்குத்தான்!

தாயம்

இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெற்று. இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதும், ஒருவரையாவது வெட்டினால்தான் பழமெடுக்க உள்ளே போகலாம் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

பத்தாவது படித்தபோது மூத்தவள் எனக்கொரு கணக்குப் போட்டுக் காட்டினாள். கட்டை விழக்கூடிய விதம் மொத்தம் 16. அதில் தாயம் விழுவது 2 விதம். இரண்டு 3 விதம், மூன்று 4 விதம், நான்கு 3 விதம், ஐந்து 2 விதம். ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு விதம்தான். அதனால் எதிராளி காய்க்கு மூன்று கட்டம் முன்னால் போய் நிற்காதீர்கள், வெட்டுப்பட அதிக வாய்ப்பு அங்கேதான். ஆறு கட்டம் முன்னால் நின்றால் ஓரளவு தைரியமாக இருக்கலாம். இருபது வருஷமாக ஆடுகிறேன், எனக்குத் தெரியாதது இது! கணக்கு வராது என்று சொல்கிற பிள்ளையைத் தாயம் ஆடச் சொல்லிப் பாருங்கள்.

தாய்மார்கள் கவனிக்க

* மூன்று வயசுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், புளியங்கொட்டை, சோழி, மணி எதையும் எண்ணி எடுத்து, எண்ணி வைத்து, டப்பாவை உயரத்தில் வையுங்கள். வாயில் போட்டு மூச்சுக்குழலில் சிக்கினால் ஆபத்து.
* பல்லாங்குழிக்கு அழகாக இருக்குமென்று குன்றிமணி வைக்காதீர்கள். அது விஷ விதை. ஆமணக்கு விதையும் அப்படியே. கடித்தோ மென்றோ தின்றுவிட்டது தெரிந்தால், கைவைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விதை ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.
* தரையில் குனிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். முழங்கால் வலிக்கிற பெரியவர்களுக்குப் பலகையை முக்காலி மேல் வைத்துக் கொடுங்கள்.
* காசு வைத்து ஆடக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. செல்போனில் பணம் கட்டி ஆடி, சம்பளத்தையும் நகையையும் தொலைத்த குடும்பம் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. "திறமை ஆட்டம்தான், அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தத் தம்பி விட்டான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டுக்காரி கண்ணும் இருக்க வேண்டும். பகடை எப்படி விழும் என்பது தர்மர் கையில் இல்லை. ஆனால் எழுந்து போவது அவர் கையில்தானே இருந்தது?

அந்தக் கேள்வி

இப்போது அத்தை கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எனக்கு நர்ஸ் ஆக வேண்டுமென்று சின்ன வயசில் அப்படியோர் ஆசை. வெள்ளை உடுப்பைப் பார்த்தால் நின்று பார்ப்பேன். பத்தாவது பாஸ் பண்ணினேன். அத்தோடு போதும் என்று எங்கள் அய்யா சொல்லிவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது அதுதான் வழக்கம், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

மூத்தவள் பிறந்த நாளிலிருந்தே அவளை நர்ஸாக்குவது என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். 2025 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மார்க்குத்தான். ஆனால் அரசு நர்சிங் கல்லூரிக்கு அந்த மார்க்கு எட்டவில்லை. அவளுடைய அப்பா, "நகையை வச்சுத் தனியார்ல சேத்துருவோம்" என்றார். நான் தாலிக்கொடி தவிர மற்றதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அம்மா, நான் லேப் டெக்னீஷியன் படிக்கிறேனே. ரெண்டு வருஷம்தான். அரசுக் கல்லூரியில கெடைக்கும் போல இருக்கு" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "எனக்காகவா சொல்றேன்? உனக்காகத்தானே! நகையைக் கழட்டி வச்சிருக்கேன், பாத்தியா?" என்று கத்தினேன். அவள் பதறவில்லை. "அந்தக் குழியில நெறைய இருக்குதும்மா. ஆனா அதை எடுத்தா அடுத்த கைக்கு நம்மகிட்ட காயே இருக்காது. தம்பி படிக்க வேணாமா?" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தை போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரியே இருந்தது: "ஏத்தா, நீ ஆடுறியா, புள்ள ஆடுதா?"

உண்மையில் நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தி எனக்குக் கொடுக்காத கையை, என் மகளுடைய பலகையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். அய்யா என்னைக் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் உள்ளுக்குள் வைத்திருந்தேனே, நான் மட்டும் இவளைக் கேட்டேனா?

காலையில் காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "சரித்தா. ஆனா எங்க போய் முடியும்னு எனக்கு எண்ணிக் காட்டு." படிப்பு முடிந்தால் எங்கெல்லாம் வேலை, ஹாஸ்டலுக்கு எவ்வளவு, இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள். நான் கேள்வி கேட்டேன். பதில் அவள் சொன்னாள். அவள் தேர்ந்தெடுத்ததுதான் நடந்தது.

எல்லாம் நல்லபடி ஆயிற்று என்று சொல்ல மாட்டேன். ஹாஸ்டலில் முதல் மாதம் அழுதுகொண்டே போன் பண்ணினாள். சாப்பாடு பிடிக்கவில்லை, ரத்தம் எடுக்கும்போது கை நடுங்குகிறது என்றாள். "நான் அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "இருக்கிறத வச்சு ஆடுத்தா" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். இப்போது கை நடுங்குவதில்லையாம். போன பொங்கலுக்கு வந்தபோது எனக்கே ரத்தம் எடுத்துக் காட்டுகிறேன் என்று துரத்தினாள்! அந்த வெள்ளைக் கோட்டை மட்டும் நான் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

சகோதரிகளே, இந்த லீவில் ஒரு மணி நேரம் செல்போனை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். பலகை இல்லாவிட்டால் மணலில் பதினான்கு குழி பறித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அலையில்லாத கடற்கரையில் அப்படித்தான் ஆடுகிறார்கள். குழந்தை தப்பான குழியில் கை வைக்கும். உங்களுக்குத் தெரியும், சொல்லிவிடலாமென்று வாய் துறுதுறுக்கும். ஒரு வெற்றிலையைப் போட்டு மென்றுகொண்டாவது சும்மா இருங்கள், புகையிலை மட்டும் வேண்டாம்! தோற்கட்டும். அடுத்த கையில் அது எண்ணிப் பார்த்து எடுக்கும்.

உங்கள் ஊரில் பல்லாங்குழிக்கு என்ன விதி, ஆடுபுலிக்கு என்ன பெயர் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெயில் காலத்து வடகம், வற்றலோடு வருகிறேன். அதுவரை, சின்னவன் புலியோடு காத்திருக்கிறான். எனக்கு இன்னும் ஒன்பது ஆடு இறக்க வேண்டியிருக்கிறது!